கேற்றிலின் அடியில் எழுதியிருப்பதை வாசிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்

 

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் சாதாரண தரம் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகளிடம் ஓமின் விதியைக் கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பிரித்தால் தடை. அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு. கடந்தகால வினாத்தாளில் 12 வோல்ற்று மின்கலமும் 4 ஓம் தடையியும் வந்தால் அரை நிமிடத்தில் விடை எழுதிவிடுவார்கள். ஆனால் அதே பிள்ளையிடம், "உங்கள் வீட்டுக் கேற்றில் எத்தனை அம்பியர் இழுக்கிறது? அதை மாட்டியிருக்கிற மல்ரி பிளக் அதைத் தாங்குமா?" என்று கேட்டால் விழிக்கிறது. கேள்வி கடினமானதல்ல. அந்தக் கணக்குக்கும் தன் வீட்டுக் குசினிக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

இது பிள்ளைகளின் குறை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆசிரியர்கள், பெற்றோர், ஊர்ச் சபைகள் எல்லோரும் சேர்ந்து திருத்த வேண்டிய விடயம் என்று நினைக்கிறோம். அதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கேற்றிலைத் திருப்பி அடியைப் பாருங்கள். 1500 வாற்று என்று எழுதியிருந்தால், 1500 ஐ 230 ஆல் பிரியுங்கள். ஏறக்குறைய 6.5 அம்பியர். இனி 230 ஐ 6.5 ஆல் பிரித்தால் 35 ஓம். கேற்றிலின் சூடாக்கும் கம்பியின் தடை அதுதான். 1000 வாற்று அயன் பொக்ஸ் என்றால் 4.3 அம்பியர், 53 ஓம். வலு கூடக்கூடத் தடை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். "தடை கூடினால்தானே சூடு கூடும்" என்று நினைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அழுத்தம் மாறாமல் இருக்கும்போது தடை குறைந்த கம்பிதான் கூடிய ஓட்டத்தை விடுகிறது, கூடிய சூட்டைத் தருகிறது. இந்த இரண்டு உபகரணங்களைக் கையில் எடுத்துக் காட்டினால் அந்தக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இப்போது உம்மாமார் நன்றாக அறிந்த ஒரு காட்சிக்கு வருவோம். சஹர் நேரம். ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் 1500 வாற்றுக் கேற்றிலும் 700 வாற்று ரைஸ் குக்கரும். அவசரத்துக்குப் பிள்ளையின் உடுப்பை மினுக்க 1000 வாற்று அயன் பொக்ஸும் அதிலேயே. மொத்தம் 3200 வாற்று. 230 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 14 அம்பியர். எங்கள் சதுரமுனைப் பிளக் தாங்குவது 13 அம்பியர், அதாவது 2990 வாற்று. எல்லை தாண்டியாயிற்று.

வயர் எப்படி? கடையில் மலிவாக விற்கிற மெல்லிய வயர்களில் செப்பின் குறுக்குப் பரப்பு அரைச் சதுர மில்லிமீற்றர்தான் இருக்கும். பத்து மீற்றர் வயர் என்றால் போகவும் வரவும் இருபது மீற்றர் செப்புக் கம்பி. அதன் தடை ஏறக்குறைய 0.68 ஓம். "ஒரு ஓம்கூட இல்லையே" என்று சொல்லத் தோன்றும். ஆனால் கம்பியில் உண்டாகும் சூட்டைக் கணிக்க ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். 14 இன் வர்க்கம் 196. அதை 0.68 ஆல் பெருக்கினால் 130 வாற்றுக்கு மேல். பழைய 60 வாற்றுக் குண்டு மின்குமிழ்கள் இரண்டை அந்த வயருக்குள் எரிய விட்டதுபோல. வயரை நீட்டி விட்டிருந்தால் சூடு காற்றோடு போகும். நாங்கள் என்ன செய்கிறோம்? மிச்ச வயரை வளையமாகச் சுற்றி, பாய்க்கு அடியிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைத்துவிடுகிறோம். சூடு போக வழியில்லை. பிளாஸ்ரிக் இளகிவிடும். பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே நீளத்துக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் தடை மூன்றிலொன்று, சூடும் மூன்றிலொன்று.

இளகிய பிளக் இன்னும் மோசம். பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டாலும், கேற்றிலின் 6.5 அம்பியர் அதனூடாகப் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 21 வாற்று வெப்பம் உண்டாகிறது. சிறிய சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். பிளக்கின் பின் கறுத்துப் போவதும், தொட்டால் சுடுவதும் இதனால்தான். "கொஞ்சம் சூடாகும்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் தடை இருக்கிறது என்று மின்சாரமே சொல்லிக் காட்டுகிறது.

இதை ஏன் எங்கள் ஊருக்குக் குறிப்பாகச் சொல்கிறோம்? யாழ்ப்பாணத்து வீடுகளின் மின்சாரக் கதை மற்ற ஊர்களின் கதை போன்றதல்ல. யுத்தக் காலத்தில் குடாநாடு வருடக்கணக்காகத் தேசிய மின்வலையமைப்போடு தொடர்பில்லாமல் கிடந்தது. 2013 இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற்று மின்மார்க்கம் வந்த பிறகுதான் அந்தத் தொடர்பு உறுதியானது. அதுவரை மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தோம். எங்கள் சமூகத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறியவர்கள், பூட்டிய வீட்டுக்குப் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, சுவருக்குள் இருந்த வயரும் இல்லை. கையில் இருந்த பணத்துக்கு முதலில் கூரை போட்டோம். மின்சாரத்தை ஒரு அறைக்கு எடுத்தோம். பிறகு அங்கிருந்து மற்ற அறைக்கு இழுத்தோம். பிறகு குசினிக்கு, பிறகு கிணற்று மோட்டருக்கு. ஒரு மின்குமிழுக்கும் ஒரு காற்றாடிக்கும் என்று போட்ட வயரில் இன்று குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொங்குகின்றன. சோனகத் தெருப் பக்கம் மட்டுமல்ல, இடம்பெயர்ந்து திரும்பிய எந்தச் சமூகத்தின் வீட்டிலும் இதைக் காணலாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம், தரைக்கு ஓடு பதித்துவிட்டோம். சுவருக்குள் இருக்கிற வயரை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காதபோது, இங்கு இருந்தவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்துப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று எழுதியிருக்கும். 3 ஐ 6 ஆல் பிரித்தால் அரை அம்பியர். 6 ஐ அரையால் பிரித்தால் 12 ஓம். நான்கு சின்னப் பற்றறியில் ஓடுகிற ரேடியோவுக்கும் 6 வோல்ற்றுத்தான் வேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் டயோட்டுப் போட்டு நேராக்கினார்கள். புத்தகத்தைப் பார்த்து அல்ல, தேவையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் சமூகம் புத்தளத்துக் கொட்டில்களில் குப்பி விளக்கோடு இருந்தது. இரண்டு பக்கத்திலும் வெளிச்சத்தின் பெறுமதி தெரிந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வெறும் நான்கு புள்ளிக் கேள்வியாக மாறிப் போனது கவலையானது.

அடுத்தது லைற் பில். 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது எல்லோரும் ஏசினோம். அது நியாயம்தான். ஆனால் எந்தப் பொருள் எத்தனை அலகு தின்கிறது என்று எத்தனை வீட்டில் கணக்குப் போட்டார்கள்? ஒரு அலகு என்பது 1000 வாற்று ஒரு மணித்தியாலம் எரிவது. 1500 வாற்றுக் கேற்றில் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்றால் 0.75 அலகு, மாதத்துக்கு 22.5. அயன் பொக்ஸ் தினமும் அரை மணித்தியாலம் என்றால் கூடியது 15. இரண்டும் சேர்ந்து 37.5. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிற நாட்டில், அந்த 60 இல் பாதிக்கு மேல் தேத்தண்ணியிலும் உடுப்பு மினுக்குவதிலும் போகிறது. இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வைக்கக் கேற்றிலை நிரப்பாமல் இரண்டு கோப்பை அளந்து ஊற்றுவதும், கிழமைக்கு ஒருநாள் உடுப்பை மொத்தமாக மினுக்குவதும் பெரிய விடயம்தான். 60 வாற்றுக் குண்டு மின்குமிழ் இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாற்று எல்.இ.டி. என்றால் ஒன்றரை அலகுகூட இல்லை.

சில பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், மல்ரிமீற்றரால் நேரடியாகத் தடையை அளக்கலாம்தானே, ஏன் வோல்ற்றையும் அம்பியரையும் வைத்துக் கணிக்க வேண்டும்?" நல்ல கேள்வி. எரியாத 60 வாற்றுக் குண்டு மின்குமிழைக் கழற்றி வைத்து மீற்றரால் அளந்தால் எழுபது ஓமுக்குள்தான் காட்டும். கணக்குப் படி 230 வோல்ற்றில் அதன் தடை 880 ஓம். இரண்டும் சரி. இழை குளிர்ந்திருக்கும்போது ஒன்று, 2000 பாகை செல்சியஸையும் தாண்டிச் சிவந்திருக்கும்போது மற்றது. ஓமின் விதி வெப்பநிலை மாறாதபோது என்று ஏன் சொல்கிறது என்பது இதில் விளங்கும். வேலை செய்கிற பொருளின் தடையை அறிய, வேலை செய்யும்போது உள்ள அழுத்தத்தையும் ஓட்டத்தையும்தான் எடுக்க வேண்டும்.

மோட்டருக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கிணற்று மோட்டர் 5 அம்பியர் இழுத்தால் 230 ஆல் பெருக்கி 1150 வாற்று என்று எழுதக் கூடாது. வலுக் காரணி 0.8 என்றால் உண்மையான வலு 920 வாற்றுத்தான். பின்னேரம் வோல்ற்று இறங்கும்போதும் இரண்டு வகைப் பொருளும் இரண்டு விதமாக நடக்கின்றன. 1000 வாற்று அயன் பொக்ஸ் 200 வோல்ற்றில் 756 வாற்றாகக் குறைந்து மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். மோட்டர் அப்படியல்ல. அதே தண்ணீரை இறைக்க வேண்டும் என்பதால், அழுத்தம் குறைந்தால் ஓட்டத்தைக் கூட்டி இழுக்கும். கொயிலில் சூடு ஓட்டத்தின் வர்க்கமாக ஏறும். "மோட்டர் எரிந்துவிட்டது, கட்டக் கொடுக்க வேண்டும்" என்று நாங்கள் சொல்வதில் பெரும் பகுதி இந்த ஒரு வரிக் கணக்குத்தான். லைற் மங்கும்போது மோட்டரை நிறுத்துங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். காய்ந்த தோலோடு இருக்கும் உடம்பின் தடையைப் பாடப்புத்தகக் கணக்குகளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் ஓம் என்று எடுப்பார்கள். 230 ஐ அதால் பிரித்தால் 2.3 மில்லி அம்பியர். ஒரு சுண்டல். ஈரமான உடம்பில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 மில்லி அம்பியர். இதயத்தை நிறுத்தப் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்திருப்பது இதனால்தான். "அடிக்கடி விழுகிறது, கரைச்சலாக இருக்கிறது" என்று அதை ஒதுக்கி நேரடி இணைப்புக் கொடுத்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. உருகி போனால் அதற்குப் பதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற வீடுகளும் உண்டு. அது அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவைத் தேட வேண்டும், காவல்காரனை அனுப்பிவிடக் கூடாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது அங்கே இருந்தும் இல்லாததுதான்.

வீட்டைச் சொல்லிவிட்டுப் பொது இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடம் எப்போதும் ஈரம். வெறுங்கால், நனைந்த கை. அதற்கு மேலே லைற், பக்கத்தில் மோட்டர். றமழானில் அலங்கார வெளிச்சம் வேறு. கோயில் திருவிழாவிலும் இதே நிலைதான்: மழை ஈரத்தில் தரையோடு இழுத்த வயர், சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீதி. நிர்வாக சபைகள் வர்ணம் பூசவும் கம்பளம் வாங்கவும் நிதி சேர்க்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதிக்க ஆகும் செலவு அதில் சிறு துளி. இதற்கு ஒரு தீர்மானம் எடுக்குமாறு சபைகளை அன்போடு கேட்கிறோம்.

இனி எங்களிடம் சொல்லப்படும் மறுப்புகள்.

"அது வயரிங் செய்கிறவரின் வேலை, பிள்ளைகளுக்கு எதற்கு?" வயரிங் செய்கிறவர் வருடத்தில் ஒருநாள் வருவார். மல்ரி பிளக்கில் நான்காவது பொருளை மாட்டுவது நாங்கள், ஒவ்வொரு நாளும். அந்த முடிவை எடுப்பவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

"பிள்ளைகள் கையை வைத்துவிடுவார்கள், பயமாக இருக்கிறது." நியாயமான பயம். நாங்கள் சொல்வது பெட்டியைத் திறக்கச் சொல்வதல்ல. பொருளின் அடியில் எழுதியிருப்பதை வாசித்துக் கொப்பியில் கணிப்பது மட்டும். மீற்றரைப் பார்த்தும் கணிக்கலாம். இலத்திரனியல் மீற்றரில் ஒரு அலகுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். அது 1600 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திக் கேற்றிலை மட்டும் போட்டு, சிவப்பு லைற் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 40 என்றால், 40 ஐ 60 ஆல் பெருக்கி 1600 ஆல் பிரியுங்கள். 1.5 கிலோவாற்று. அங்கிருந்து அம்பியர், அங்கிருந்து ஓம். ஒரு வயரையும் தொடவில்லை.

"இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை." இதைக் கேட்டால் எங்களுக்குக் கோபம்தான் வரும். வீட்டில் அதிக அம்பியர் இழுக்கிற பொருள்கள் குசினியில்தான் இருக்கின்றன. ஈரக் கையோடு அவற்றைத் தொடுபவர்கள் எங்கள் உம்மாமாரும் பெண்பிள்ளைகளும். இந்தக் கணக்கு முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்கு.

"பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை." ஆசிரியர்களாகிய எங்களுக்கு நாங்களே சொல்லும் சாட்டு இது. புதிய பாடம் ஒன்றும் வேண்டாம். பயிற்சியில் உள்ள கற்பனைச் சுற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையின் வீட்டுப் பொருளைப் போட்டால் போதும். அதே சூத்திரம், அதே ஐந்து நிமிடம். ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்த விதியைக் கண்டுபிடித்த ஜோர்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் கோல்ன் நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்த ஆசிரியர். பாடசாலை ஆய்வுகூடத்தில் வெவ்வேறு நீளக் கம்பிகளை வைத்து அளந்துதான் அவர் முடிவுக்கு வந்தார். 1827 இல் புத்தகமாக வெளியிட்டபோது அவருடைய நாட்டிலேயே பெரிதாக மதிக்கவில்லை. 1841 இல்தான் லண்டன் றோயல் சொசைற்றி கொப்லி பதக்கம் கொடுத்தது. ஒரு வாத்தியார் கம்பியைத் தொட்டு அளந்து கண்டதை, நாங்கள் கரும்பலகையில் மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியா?

ஆகவே இந்தத் தவணை விடுமுறைக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். ஒரு கொப்பித் தாள். வீட்டிலுள்ள மின்பொருள்களின் பெயர், வாற்று, அம்பியர், சூடாக்கும் பொருளானால் ஓம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், மாதத்துக்கு எத்தனை அலகு. கீழே, எந்தப் பிளக்கில் எவை ஒன்றாக மாட்டப்பட்டிருக்கின்றன, கூட்டினால் எத்தனை அம்பியர். 13 ஐத் தாண்டிய இடத்துக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம். பிள்ளை போட்ட அந்தக் கணக்கைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, சிவப்பு வட்டம் விழுந்த இடத்தைத் திருத்த வாப்பாமார் ஒரு பின்னேரத்தை ஒதுக்க வேண்டும்.

வேறு பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். பிள்ளைகள் தாள்களோடு வந்ததும் எந்த வீட்டிலும் பொதுவாகக் காணப்பட்ட பிழைகளை, பெயர் குறிப்பிடாமல், இங்கே எழுதுவோம். மின்னிணைப்பு வேலை தெரிந்த சகோதரர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்கு ஒரு மணித்தியாலம் விளக்கம் தர விரும்பினால் கீழே சொல்லுங்கள், இடத்தை நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்.